பாட்டும் புத்தகமும் நாட்பாடும் ஒரே கொப்பியில்: எழுதத் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரம் நாலரை மணியளவில் பாண் ஓட்டோ வரும். ஓட்டோ முடக்குத் திரும்ப முன்னமே அதன் மெட்டு வந்துவிடும். கிளிநொச்சி என்றில்லை, இலங்கையில் எங்கே போனாலும் பாண் ஓட்டோவுக்குப் பெரும்பாலும் அதே மெட்டுத்தான்.

2019 பெப்ரவரியில் என் கொப்பியில் ஒரு வரி: “பாண் பாட்டு. எங்கேயோ கேட்டது.” ஏப்ரலில் இன்னொன்று: “பாண் மெட்டு இப்படிப் போகிறது: ப ம ப ம ப ரி ம க ச. முதல் இரண்டு ம-வும் மேலே நிற்கிறது, மூன்றாவது ம கீழே இறங்குகிறது.” ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் படுக்கப் போகும் நேரம் வானொலியில் யாரோ பியானோ வாசித்தார்கள். கை தானாக விரலில் எண்ணத் தொடங்கியது. ப ம ப ம ப. அறிவிப்பாளர் முடிவில் பெயர் சொன்னார்: பீத்தோவனின் ‘எலிஸுக்காக’. 1810 இல் எழுதப்பட்ட துண்டு. அவர் 1827 இல் இறந்து நாற்பது வருடம் போய், 1867 இல்தான் அச்சில் வந்ததாம். இப்போது எங்கள் ஒழுங்கையில் கிம்புலா பணிஸ் விற்கிறது.

பாண் வாங்கிய காசை வீட்டுக் கணக்கிலும், மெட்டைப் பாட்டுக் கொப்பியிலும், பீத்தோவனைப் ‘படித்தவை’ என்று வேறொரு கொப்பியிலும் எழுதியிருந்தால் இந்த மூன்றும் ஒன்றை ஒன்று கண்டிருக்காது. அதனால்தான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்: ஒரே கொப்பி. பாட்டு, புத்தகம், மழையும் தேங்காய் விலையுமான நாட்பாடு (அன்றாட நடப்பு) எல்லாம் வந்த வரிசைப்படி அதற்குள் போகட்டும். எப்படி என்று கீழே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கொப்பியும் பேனையும்

வடிவான டயறி வாங்காதீர்கள். வருடத் தொடக்கத்தில் கிடைக்கும் டயறியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் அச்சடித்திருக்கும். எழுதாத நாளின் வெறும் பக்கம் உங்களைக் குற்றவாளி ஆக்கும். நிறைய எழுத வேண்டிய நாளில் இடம் போதாது. நான் பாவிப்பது 160 பக்கச் சீ.ஆர். கொப்பி. மட்டை தடிப்பு, தைத்த கொப்பி, தாள் கழராது. கம்பிச் சுருள் போட்டதை வாங்கினால் கம்பி துருப்பிடித்துத் தாள் ஓரத்தில் மண்ணிறக் கறை வரும். எங்கள் மாரிக்கு அது இரண்டு வருடம் தாங்காது.

பேனை விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். போல்பொயின்ற் பேனைதான். ஜெல் பேனையில் எழுத்து அழகாக விழும், உண்மை. ஆனால் அந்த மை நீர்த் தன்மை உள்ளது, நனைந்தால் ஓடிவிடலாம். போல்பொயின்ற் மை எண்ணெய்த் தன்மை உள்ளது, நனைந்தாலும் ஓடாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் என் கொப்பி ஒன்று முழங்கால் தண்ணீரில் கிடந்தது. ஜெல் பேனையால் எழுதிய நான்கு மாதம் நீலக் கறையாகப் போனது. இடையில் பேனை தொலைந்து, தம்பியின் மகனிடம் பத்து நாளுக்கு இரவல் வாங்கிய மலிவு போல்பொயின்றால் எழுதியது மட்டும் அட்சரம் அட்சரமாக நின்றது. அந்தப் பத்து நாளில் எழுதியதெல்லாம் பசளை வாங்கப் போய்த் திரும்பி வந்த கதை. என்ன செய்ய.

இரண்டாம் படி: தலைவரி

ஒவ்வொரு பதிவுக்கும் முதல் வரி ஒரே மாதிரி இருக்க வேண்டும்: திகதி, கிழமை, இடம், காற்று அல்லது மழை. இவ்வளவும் எழுத அரை நிமிடம். மனம் இல்லாத நாளில் தலைவரியை மட்டும் எழுதிவிட்டு மூடலாம். அதுவும் பதிவுதான்.

திகதியில் ஒரு குழப்பம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பெப்ரவரியையும் மாசி என்பார்கள். தமிழ் மாசி பிறப்பது பெப்ரவரி நடுவில். “மாசி 5” என்று எழுதிவிட்டு ஏழு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் எந்த ஐந்து என்று உங்களுக்கே தெரியாது. ஆங்கில மாதப் பெயரை எழுதிக் கிழமையையும் போடுங்கள். கிழமை இருந்தால் திகதி பிழைத்தாலும் பிறகு கண்டுபிடிக்கலாம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1761 வரை எழுதினார். தமிழ் வருடம், மாதம், திகதி, கிழமை எல்லாம் போட்டு எழுதினார். இன்றைக்கும் வரலாற்றுக்காரர் அதை நம்பி எடுத்துப் பாவிப்பதற்கு அந்தத் தலைவரிகளும் ஒரு காரணம்.

காற்றின் பெயரையும் எழுதப் பழகுங்கள். வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வந்தால் கச்சான். கச்சான் என்று மட்டும் எழுதினால் கவனம். எங்களுக்குக் கச்சான் காற்றும்தான், கொறிக்கிற கடலையும்தான். என் கொப்பியில் ஓரிடத்தில் “இன்று நல்ல கச்சான்” என்று இருக்கிறது. வீசியதா தின்றதா என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் படி: பாட்டை எழுதுவது

பெரும்பாலானோர் விழுவது இங்கேதான். “நல்ல பாட்டு”, “மனதைத் தொட்டது” என்று எழுதுவார்கள். ஒரு மாதம் போனால் அந்த வரியில் ஒன்றும் மிஞ்சாது. எந்தப் பாட்டென்றாலும் நான்கு விஷயத்தை எழுதுங்கள்: சத்தம் எங்கிருந்து வந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், முதலில் கேட்ட வாத்தியம் எது, எந்த இடத்தில் உங்கள் கை வேலை நின்றது.

எங்கிருந்து வந்தது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இலேசான கேள்வி இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றறி கிடையாது, கரண்ட் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுப்போம். டைனமோ ஆறு வோல்ற், பெட்டிக்குள் போடும் நாலு பற்றறியும் சேர்ந்து ஆறு வோல்ற், கணக்குச் சரி. ஆனால் சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் கசற் மெதுவாகும், பாடுகிறவரின் சுருதி இறங்கும், பெண்குரல் ஆண்குரலாகும். அம்மம்மா அடுப்படியிலிருந்து “கெதியாச் சுத்தடா, அந்த மனிசிக்குத் தடிமன் பிடிச்சிட்டுது” என்று கத்துவா. அந்தக் காலத்துப் பாட்டுச் சில இன்றைக்கும் எனக்கு அரைச் சுரம் கீழேதான் ஞாபகம். போனில் சரியான சுருதியில் கேட்டால் யாரோ வேறு ஆள் பாடுவது போல இருக்கும். பாட்டின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் இதெல்லாம் எங்கே இருக்கும்?

மெட்டை எழுத சங்கீதம் படித்திருக்கத் தேவையில்லை. மூன்று வழி சொல்கிறேன், ஏறுகிற வரிசையில்.

ஒன்று, கோடு. மெட்டு ஏறினால் கோட்டை மேலே இழுங்கள், இறங்கினால் கீழே. ஒரு வரிப் பாட்டுக்கு ஒரு வரிக் கோடு. குழந்தைப்பிள்ளை வேலை போல இருக்கும், ஆனால் திரும்பப் பார்க்கும்போது மெட்டு வாயில் வந்துவிடும்.

இரண்டு, தாளம். கையைத் தட்டிக்கொண்டு கேளுங்கள். தொடங்கிய இடத்துக்குப் பாட்டு எத்தனை தட்டில் திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். எட்டில் வந்தால் பெரும்பாலும் ஆதி, ஏழில் வந்தால் மிஸ்ரசாபு, ஐந்தில் வந்தால் கண்டசாபு, மூன்று மூன்றாக வந்தால் ரூபகம். பெயர் தெரியாவிட்டால் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

மூன்று, சுரம். காதுக்கு ‘இதுதான் வீடு’ என்று படுகிற சுரத்தைச் ச என்று வைத்து மற்றதை அதிலிருந்து தேடுங்கள். பாண் மெட்டில் நான் செய்தது அதுதான். ஐந்து சுரத்தில், ச ரி க ப த என்று நின்றால் மோகனமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை விடாமல் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் கொப்பியில் “மோகனம்?” என்று பதினொரு இடத்தில் இருக்கிறது. அதில் நான்கை ஒரு நாதஸ்வரக்காரரிடம் கேட்டுக் கேள்விக்குறியை வெட்டினேன். மிச்சம் அப்படியே கிடக்கிறது.

நாதஸ்வரக்காரரைப் பிடிக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. பூசை முடிந்து, சாமி உள்ளே போய், அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்து இரண்டு மிடறு குடித்த பிறகு. அதற்கு முன் கேட்டால் எரிச்சல் வரும், பின்னால் கேட்டால் பஸ்ஸுக்குப் போய்விடுவார். “ஐயா, சாமி வெளியில வரேக்க வாசிச்சது என்ன?” என்று கேட்டேன். “மல்லாரி. கம்பீரநாட்டை” என்றார். பிறகு தானாகவே, விடியப்புறம் பூபாளம், சாமத்தில் நீலாம்பரி என்று நேரத்துக்கு நேரம் சொல்லிக்கொண்டு போனார். தவில்காரர் இடையில் புகுந்து இணுவில் தட்சிணாமூர்த்தி என்ற பெரிய தவில்காரரின் கதையைத் தொடங்கிவிட்டார். 1975 இல் காலமான அந்த மனிதர் நேற்று இவருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தது போலத்தான் கதை. நான் துண்டுக் கடுதாசியில் எழுதி வந்து இரவு கொப்பியில் ஏற்றினேன். ஒரு எச்சரிக்கை: ‘கச்சேரி’ என்று எழுதினால் எந்தக் கச்சேரி என்று எழுதுங்கள். மாவட்டச் செயலகத்தையும் நாங்கள் கச்சேரி என்றுதான் சொல்கிறோம். காணிப் பத்திரத்துக்காகப் போன கச்சேரியில் எனக்கு எந்த இராகமும் கேட்கவில்லை.

நாட்டுப் பாட்டுக்கு விதி வேறு. அரிவு வெட்டுப் பாட்டோ, வயலில் குருவி கலைக்கிற பாட்டோ, தாலாட்டோ, வாயிலிருந்து வருகிற உச்சரிப்பிலேயே எழுதுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள். பாடியவரின் வயது, எந்த ஊரில் பழகியது, என்ன வேலை செய்துகொண்டு பாடுவது என்று மூன்றையும் கேளுங்கள். வெட்டு மெஷின் வந்த பிறகு அரிவு வெட்டுப் பாட்டுக்கு வயலில் வேலை இல்லை; பாட்டு இப்போது இருப்பது எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் தொண்டையில். அவர்களுக்கும் இருந்த இடத்தில் இருந்து பாடச் சொன்னால் இரண்டாம் அடி வராது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவரிடம் கையில் ஒரு பிடி வைக்கோலைக் கொடுத்தேன். கை அசையத் தொடங்கியதும் பாட்டு வந்தது.

பெரிய திருவிழாவை எழுதப் பார்க்காதீர்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முதல் தடவை கொப்பியோடு போனேன். கடல்நீரில் எரியும் விளக்கு, காவடி, பறை, நாலு பக்கமும் ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் எழுதி, திரும்ப வாசித்தால் ஏதோ பத்திரிகைச் செய்தி. அடுத்த வருடம் ஒரு கச்சான் கடைக்கார அம்மா சுண்டுப் பேணியைக் கொட்டுகிற சத்தத்தையும் அவ கூவுகிற மெட்டையும் மட்டும் எழுதினேன். அதை வாசித்தால்தான் இப்போது பொங்கல் வருகிறது.

நான்காம் படி: புத்தகம்

தலைப்பு, எழுதியவர், வந்த வருடம், எங்கே கிடைத்தது. இது முதலில். ‘எங்கே கிடைத்தது’ என்பதை விட்டுவிடுகிறார்கள். இரவல் புத்தகங்கள் திரும்பிப் போகாமல் சண்டை வருவது அதனால்தான். பிரதேச சபை நூலகத்தில் எடுத்தால் முதுகில் ஒட்டிய எண்ணையும் எழுதுங்கள். தமிழ் இலக்கியம் 894.811 இல் இருக்கும். அந்த எண் தெரிந்தால் எந்த நூலகத்தில் போயும் ராக்கையை நீங்களே கண்டுபிடிக்கலாம். கடையில் கிடைக்காத பழைய ஈழத்துப் புத்தகம், சஞ்சிகை என்றால் 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள். போனில் வாசிக்கலாம், காசில்லை.

பிறகு வாசிக்கும்போது இரண்டு வகைக் குறிப்பு. புத்தகத்திலிருந்து எடுப்பதை மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. உங்கள் எண்ணத்தை இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. இந்த இடைவெளியை நான் பழகியது அவமானப்பட்ட பிறகு. ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு நூல் அறிமுகத்துக்கு என் பழைய கொப்பியைப் பார்த்துப் பேசினேன். நானே எழுதியது என்று நினைத்து ஒரு வசனத்தை நீட்டி நிமிர்ந்து சொன்னேன். பின்வரிசையில் ஒரு உயர்தர வகுப்புப் பெடியன் எழும்பி, “அது அந்தப் புத்தகத்தின்ர முன்னுரையில இருக்குது அன்ரி” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

கதை நடக்கிற இடம் உங்களுக்குத் தெரிந்த இடமாக இருந்தால் விடாதீர்கள். பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வந்தது, தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை. அதை வாசித்தபோது வந்த மரம், பறவை, கருவி, சாப்பாட்டுப் பெயர் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதினேன். தெரிந்ததற்குச் சரி, தெரியாததற்குப் புள்ளி. புள்ளி வைத்ததைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனால் ஒரு சொல்லுக்கு ஒரு பின்னேரம் போய்விடும். மாமா காட்டுக்குப் போய்த் தேன் எடுத்தவர். முதிரையையும் வீரையையும் மரம் பார்க்காமல் பட்டையைத் தடவியே சொல்வார். அவர் சொன்னது மூன்று பக்கம் வந்தது. நாவலைப் பற்றி நான் எழுதியது அரைப் பக்கம்.

வாசித்து முடிக்காத புத்தகத்தையும் எழுதுங்கள். எத்தனையாம் பக்கத்தில் விட்டேன், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது. எனக்குப் புத்தகம் பிடிக்காமல் விட்டது குறைவு. நெல்லுக் காயப்போட்ட கிழமைகளில் விட்டதுதான் அதிகம் என்று இந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஐந்தாம் படி: நாட்பாடு

ஒரு பதிவை அப்படியே தருகிறேன்.

“2025 ஜூன் 17, செவ்வாய். வட்டக்கச்சி. சோளகம் பலம், தகரம் இரவு முழுக்க அடித்தது. விடிய ஐந்தேகாலுக்குக் கோயில் பாட்டு வடிவாகக் கேட்டது. சந்தியில் பாலைப்பழம் ஒரு சுண்டு 150 ரூபா. விற்ற பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றது. தின்றுகொண்டே வாசித்தேன், 41 ஆம் பக்கமும் 42 ஆம் பக்கமும் பழப் பாலில் ஒட்டிவிட்டன. மச்சாள் வந்து உதட்டை ஒட்டிக்கொண்டு கதைக்கப் பார்த்தா, சிரிப்பு. பாண் ஓட்டோ வரவில்லை.”

எழுத ஏழு நிமிடம் போயிருக்கும். இதில் என் உணர்ச்சி என்று ஒன்றும் இல்லை, ஆனால் வாசித்தால் அந்த நாள் எனக்கு முழுதாக வருகிறது. விலை, நேரம், அளவு, ஒருவர் செய்த ஒரு அசைவு, வராமல் போன ஒன்று. ‘வராமல் போனது’ முக்கியம். வழமையாக வருவது வராத நாளை எழுதிவைத்தால்தான் பிறகு வழமை என்ன என்று தெரியும்.

மழையை அளக்க விரும்பினால் நேரான பக்கம் உள்ள போத்தல் ஒன்றை வாய் அகலமாக வெட்டி, மரமோ தாழ்வாரமோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து ஊற்றுங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். கத்தரிப் பாத்திக்கு இறைக்க வேண்டுமா என்று அதை வைத்தே முடிவெடுக்கலாம். போத்தல் உயரமாக இருக்கட்டும். 2018 டிசெம்பர் 21 இரவு என் போத்தல் நிரம்பி வழிந்தது. அடுத்த நாள் இரணைமடுக் குளத்து வான்கதவுகளும் திறந்து, ஊரெல்லாம் வெள்ளம். என் கொப்பியில் அந்த இரவுக்கு எண் இல்லை, “போத்தல் போதவில்லை” என்று இருக்கிறது. ஊகித்து ஒரு எண் போட்டிருந்தால் மற்ற எல்லா நாளின் எண்ணையும் நம்ப முடியாமல் போயிருக்கும்.

மற்றவர்களின் விஷயத்தில் நிதானம் வேண்டும். அயலவரின் கடன், கலியாணப் பேச்சு, வருத்தம் இதெல்லாம் கொப்பிக்கு வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பெயர் இல்லாமல். வீட்டில் கொப்பி ஒளித்து வைக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். மச்சாளைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியை மச்சாள் வாசித்து, ஒன்றும் சொல்லாமல், அதற்குக் கீழேயே தன் பக்கத்து நியாயத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தா. எனக்கு நாலு மாதம் போய்த்தான் தெரியும்.

எதற்கு இந்தச் சில்லறை எல்லாம் என்று கேட்பவர்கள் ஒட்டுசுட்டான் பக்கம் போனால் கற்சிலைமடு நினைவுக்கல்லை நினைக்க வேண்டும். வன்னி அரசன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 இல் பிரித்தானியக் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றான் என்பதுதான் அந்தக் கல் சொல்வது. பெயர், இடம், திகதி. வென்ற பக்கம் எழுதியது. அன்றைக்கு மழையா, வயலில் என்ன நின்றது, ஊர்ச் சனம் இரவு எங்கே படுத்தது என்று எழுத இந்தப் பக்கத்தில் ஒருவர் கையில் ஓலை இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன்.

ஆறாம் படி: பக்க எண்ணும் சுட்டியும்

புதுக் கொப்பி வாங்கிய அன்றே எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். கடைசி நாலு பக்கத்தை விட்டுவையுங்கள், அதுதான் சுட்டி. மாதத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம், பாட்டு, புத்தகம், ஆட்கள், சொல், மழை என்று தலைப்புப் போட்டுப் பக்க எண்ணை மட்டும் ஏற்றுங்கள். நிறப் பேனை, ஒட்டுத் தாள் எதுவும் வேண்டாம். இவ்வளவுதான்.

ஏழாம் படி: கறையானிடமிருந்து

கொப்பிக்கு வன்னியில் முதல் எதிரி கறையான். அது நிலத்திலிருந்து சுவர் வழியாக மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும். மட்டை அப்படியே இருக்கும், உள்ளே தாள் இருக்காது. வேப்பிலை வைத்தால் வராது என்பார்கள். வைத்தேன். வேப்பிலையைச் சுற்றிப் போய்த் தின்றிருந்தது. வெள்ளிப்பூச்சிக்கு அது உதவுமோ என்னவோ, கறையானுக்கு உதவாது.

செய்ய வேண்டியது இது. தகர றங்குப் பெட்டி. நிலத்தில் வைக்காமல் நாலு செங்கல்லுக்கு மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அப்போதுதான் மண் குழாய் வந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டலாம், ஆனால் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சிறுபோக வெய்யிலில் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெய்யில் கூடாது, தாள் நொறுங்கும்.

நனைந்துவிட்டால் பதறிப் பக்கத்தைப் பிரிக்காதீர்கள், கிழியும். தண்ணீரை வடியவிட்டு, பிரியும் இடங்களில் மட்டும் பத்திரிகைத் தாள் செருகி, விசிறிக் காற்றில் வைத்து, தாள் ஊறியதும் மாற்றுங்கள். நிறையக் கொப்பி நனைந்து ஒன்றாகக் கவனிக்க ஏலாவிட்டால், பொலித்தீனில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பூஞ்சணம் பிடிக்காமல் நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் காயவிடலாம். மீனுக்கு மேலே வைக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எட்டாம் படி: போனில் ஒரு பிரதி

2009 இல் எங்கள் வீட்டில் இருந்த பத்தொன்பது கொப்பியில் இரண்டுதான் மிஞ்சின. அதையும் கொண்டுவந்தது அம்மா, அரிசிப் பைக்குள். ஆகவே பிரதி பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மாதம் முடிய எழுதிய பக்கங்களைப் படம் எடுங்கள். காலை பத்து மணிக்கு முன், யன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. படக் கோவைக்கு வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: 2025-06-17. அப்படி வைத்தால் போன் தானாக நாள் வரிசையில் அடுக்கும். நாளின் எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் திகதியும் ஒன்றாக வந்து நிற்கும். பிரதியை வேறு ஊரில் இருக்கிற ஒருவருக்கு அனுப்புங்கள். எங்கள் ஆட்களுக்கு வேறு ஊரில் சொந்தம் இல்லாதவர் யார்?

தட்டச்சு செய்வதென்றால் ஒருங்குறியில் செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் இங்கே அதிகம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும், தேடவும் முடியாது. பழைய பாமினிக் கோப்பு இருந்தால் மாற்றித் தரும் இணையக் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், அங்கங்கே எழுத்து இடம் மாறியிருக்கும்.

ஒன்பதாம் படி: திருப்பி வாசிப்பது

வருடத்துக்கு ஒரு தடவை போதும். நான் டிசெம்பரில், மழைக்கு வெளியே போக முடியாத ஒரு நாளில் வாசிப்பேன். மூன்று வருடக் கொப்பியை ஒன்றாக வைத்துச் சுட்டியில் ‘கோயில் பாட்டு’ என்ற தலைப்பைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. விடியப்புறம் கோயில் பாட்டு வடிவாகக் கேட்டதாக எழுதிய நாட்கள் எல்லாம் ஜூன், ஜூலை, ஓகஸ்ட். நவம்பர், டிசெம்பரில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோயில் எங்கள் வீட்டுக்குத் தென்மேற்கே இருக்கிறது. சோளகம் வீசும்போது சத்தத்தை எங்கள் பக்கம் கொண்டுவருகிறது. வாடை வந்தால் திருப்பிக்கொண்டு போகிறது. நான் அத்தனை வருடமும், மாரியில் ஐயர் எழும்பப் பிந்திவிடுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியும் இருந்தேன்.

தலைவரியில் காற்று இல்லாவிட்டால் இது பிடிபட்டிருக்காது. பாட்டுக்குத் தனிக் கொப்பி வைத்திருந்தாலும் பிடிபட்டிருக்காது.

வாசிக்கும்போது பழைய வரியைத் திருத்தாதீர்கள். பிழை என்று தெரிந்தால் பக்கத்து ஓரத்தில் இன்றைய திகதி போட்டு எழுதுங்கள். ஐயரைப் பற்றிய வரிகளுக்குப் பக்கத்தில் நான் அப்படித்தான் எழுதினேன்: “2022-12-09. காற்று. ஐயரில் பிழை இல்லை.”

பத்தாம் படி: கொப்பி முடியும்போது

இருபது பக்கம் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதத்தில் 160 பக்கச் சீ.ஆர். கொப்பிக்குக் கடையில் தட்டுப்பாடு வரும், 80 பக்கத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். முடிந்த கொப்பியின் மட்டையில் தொடங்கிய திகதி, முடிந்த திகதி, கொப்பி இலக்கம் மூன்றையும் போல்பொயின்றால் எழுதி ஒட்டுங்கள். புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில், பழையதில் கேள்விக்குறியோடு நிற்பவற்றை ஏற்றுங்கள். என் இப்போதைய கொப்பியின் முதல் பக்கத்தில் ஏழு மோகனம் நிற்கிறது. அதற்குக் கீழே மச்சாளின் கையெழுத்தில், பென்சிலால் ஒரு வரி: “எட்டு. போன கிழமை நீங்க குசினியில முணுமுணுத்ததையும் சேருங்கோ.”